டெக்ஸ் ஏறினால் வாள் வேகமாகாது: எல்டன் ரிங்கில் இரட்டைக் கட்டானா

எல்டன் ரிங் வீடியோ கேமில் வேகமான வாள்வீரரை உருவாக்க நினைப்பவர்கள் முதல் வேலையாகக் கையில் இருக்கும், லெவல் ஏற்றப் பயன்படும் ரூனையெல்லாம் டெக்ஸ்டெரிட்டியில் (சுருக்கமாக டெக்ஸ், கைத்திறனைக் குறிக்கும் எண்) கொட்டிவிடுகிறார்கள். டெக்ஸ் 15லிருந்து 40 ஆனாலும் வாள் வீசும் வேகம் ஒரு நூலளவும் கூடாது. மந்திரம் போடும் நேரம் குறையும், உயரத்திலிருந்து விழுந்தால் அடி குறையும், குதிரையிலிருந்து எளிதில் விழ மாட்டீர்கள், டெக்ஸை நம்பும் ஆயுதங்களின் டேமேஜ் ஏறும். அவ்வளவுதான் அந்த எண்ணின் வேலை. வேகம் ஆயுதத்தின் வகையில் இருக்கிறது. குத்துவாள், வளைவாள், கட்டானா என்ற ஜப்பானிய வாள் எல்லாம் பிறவியிலேயே வேகமானவை. பெருவாள் டெக்ஸ் 80லும் மெதுவாகத்தான் வரும்.

அப்படியானால் டெக்ஸ் பில்டு, அதாவது டெக்ஸை மையமாக வைத்து ஆளை உருவாக்குவது, எதற்கு? வேகமான ஆயுதங்களில் பெரும்பாலானவை டெக்ஸால்தான் பலம் பெறுகின்றன. ஆயுதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், எண்கள் அதன் பின்னால் வரட்டும். இங்கே எடுத்துக்கொண்டது இரண்டு கையிலும் கட்டானா. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்து கடைசி பாஸ் (பெரிய எதிரி) வரை ஆயுதம் மாற்றாமல் போகக்கூடிய வழி இது.

தொடக்க ஆளாகத் தேர்ந்தெடுப்பது சாமுராய். லெவல் 9, விகர் (உயிர்) 12, மைண்ட் (திறன்களுக்கான சக்தி) 11, எண்ட்யூரன்ஸ் (ஸ்டாமினாவும் சுமை வரம்பும்) 13, ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 12, டெக்ஸ் 15. கையில் உச்சிகட்டானா என்ற கட்டானாவும் நீள வில்லும் இருக்கும். இன்னொரு தொடக்க ஆளான வாரியருக்கு டெக்ஸ் 16, அதோடு இரண்டு சிமிட்டர் (வளைவாள்), பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சிமிட்டர் எட்டம் குறைவு, அடிபட்டவருக்கு ரத்தக்கசிவும் வராது. உச்சிகட்டானாவில் ரத்தக்கசிவு 45 என்று கூடவே வருகிறது. அடுத்தடுத்து அடி விழ எதிரியின் கசிவு அளவு நிறைந்து, அவருடைய மொத்த உயிரில் ஒரு பங்கு ஒரேயடியாகக் காணாமல் போகும். உயிர் அதிகமுள்ள பாஸ்களிடம் இதற்கு மதிப்பு ஜாஸ்தி.

இரண்டாவது உச்சிகட்டானா ஸ்டார்ம்ஹில் பகுதியில் உள்ள டெத்டச்டு கேட்டகோம்ஸ் என்ற நிலத்தடிக் கல்லறையில், ஒரு பிணத்தின் மேல் இருக்கிறது. அங்கிருக்கும் பாஸைக் கொல்லாமலே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உள்ளே எலும்புக்கூடுகள் விழுந்து மீண்டும் எழுந்துகொண்டே இருக்கும். கீழே கிடக்கும்போது ஒளிரும் அல்லவா, அப்போது இன்னொரு அடி போட்டால்தான் கதை முடியும். ரத்தமே இல்லாத எதிரிக்குக் கசிவு எப்படி வரும்? கட்டானாவின் முதல் பலவீனம் அந்தக் குகையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டும் கைக்கு வந்ததும் ஒன்று வலது, ஒன்று இடது. ஒரே வகை ஆயுதம் இரண்டு கையிலும் இருந்தால் கன்ட்ரோலரின் எல்1 பட்டனை அழுத்தும்போது இரண்டும் சேர்ந்து வீசும். ஸ்டாமினாவும் சேர்ந்தே கரையும். குதித்து எல்1 அடிப்பதுதான் இந்த பில்டின் அன்னாடச் சோறு: டேமேஜும் பெரிது, எதிரியின் நிலைகுலைவும் (நிறைந்தால் தடுமாறி மண்டியிடுவார்) நல்ல அளவில் ஏறும். தரையில் நின்று எல்1 அடித்தால் இரண்டு அடியோடு நிறுத்துங்கள். மூன்றாவது அடிக்கு ஆசைப்படும் இடத்தில்தான் பெரும்பாலான சாவு நடக்கிறது. வீச்சு நடுவில் இருக்கும்போது உருள முடியாது. கட்டானாவின் சாதாரண வீச்சில் எதிரியின் அடியைத் தாங்கி நின்று முடிக்கும் தன்மையும் கிடையாது. ஆளுக்கு ஒரு அடி என்று மாற்றிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கட்டானா பிரியர்கள் அடுத்துக் கேட்பது நாககிபா, எல்லாவற்றிலும் நீளமானது. அதற்கு ஸ்ட்ரெங்த் 18, டெக்ஸ் 22 வேண்டும். ஒரு ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். சாமுராயின் 12 அப்படியே 18 ஆகிவிடும், ஒரு புள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். ஆனால் இடது கையில் இன்னொரு கட்டானா வைத்து எல்1 அடிக்கும்போது இந்தச் சலுகை கிடைக்காது. உண்மையாகவே 18 இருக்க வேண்டும். இது தெரியாமல், தகுதி போதாத ஆயுதத்தை ஏந்திக்கொண்டு டேமேஜ் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. ஆயுதத் திரையில் தகுதி எண் சிவப்பில் தெரிந்தால் காரணம் அதுதான்.

இனி லெவல் கணக்கு. லெவல் 30ல் விகர் 22, எண்ட்யூரன்ஸ் 15, டெக்ஸ் 24; மற்றவை தொடக்கத்தில் இருந்தபடியே. லெவல் 50ல் விகர் 30, மைண்ட் 12, எண்ட்யூரன்ஸ் 18, டெக்ஸ் 32. லெவல் 100ல் விகர் 45, மைண்ட் 16, எண்ட்யூரன்ஸ் 22, ஸ்ட்ரெங்த் 18, டெக்ஸ் 53. லெவல் 150 வரை போகிறவர்கள் விகர் 60, மைண்ட் 20, எண்ட்யூரன்ஸ் 28, ஸ்ட்ரெங்த் 18, டெக்ஸ் 78 என்று முடிக்கலாம். விகர் 40ல் உயிர் 1450, 60ல் 1900. 60க்கு மேல் போடுவது வீண். வேகமான ஆள்தானே, அடியே படமாட்டோம் என்று விகரை 15ல் விட்டுவிட்டு ஆடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆட்டத்தின் பின்பாதியில் இரண்டு அடிக்கு மேல் தாங்காது.

மூன்வெய்ல், ரிவர்ஸ் ஆஃப் பிளட் இரண்டும் பெயர் பெற்ற கட்டானாக்கள்தான். ஆனால் மூன்வெய்லுக்கு இன்டெலிஜென்ஸ் என்ற எண் 23, ரிவர்ஸுக்கு ஆர்கேன் என்ற எண் 20 கேட்கும். வாங்கியதோடு நிற்காது, அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போனால்தான் அவற்றின் உண்மையான பலம் தெரியும். புள்ளிகள் இரண்டாகப் பிரிந்துவிடும். சுத்தமான டெக்ஸ் ஆளுக்கு அவை வேண்டாம்.

டெக்ஸைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஆயுதத்தைப் பட்டறையில் ஏற்றுவது. எதிரியின் பாதுகாப்பு ஒவ்வொரு அடியிலும் தனித்தனியாகக் கழியும். பெருங்கோடரிக்காரர் ஒரு பெரிய அடியில் ஒருமுறை இழப்பதை நாம் நாலு சின்ன அடியில் நாலுமுறை இழக்கிறோம். அதனால் ஆயுதம் ஏறாமல் பின்தங்கினால் வேகமான பில்டுதான் முதலில் சுணங்கும். ஆயுதத்தை +1, +2, +3 என்று ஏற்ற ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல் ஒவ்வொரு படிக்கும் 2, 4, 6 என்று கேட்கும். மூன்று நிலைக்கு 12 கல். நமக்கு ஆயுதம் இரண்டு, ஆகவே 24. சர்ச் ஆஃப் எல்லேயில் உள்ள பட்டடையில் +3 வரைதான் போகும், அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் கொல்லர் ஹியூகிடம் போக வேண்டும். கல் கைவசம் குறைவாக இருந்தால் வலது கை வாளை முதலில் ஏற்றுங்கள். ஆர்1 (சாதாரண அடி), ஆர்2 (கனத்த அடி) எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. இடது கை வாள் மூன்று நிலை பின்னால் இருந்தாலும் கசிவு அளவு அதே 45தான்.

கல் பஞ்சம் தீர லியூர்னியாவில் உள்ள ராயா லுகாரியா கிறிஸ்டல் டனலுக்குப் போங்கள். அங்கிருக்கும் கிறிஸ்டலியன் என்ற படிக உடல் பாஸ் தரும் பெல் பேரிங்கை (கடைச் சரக்கைக் கூட்டும் பொருள்) ரவுண்ட்டேபிளில் கடை வைத்திருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் கொடுத்தால் முதல் இரண்டு வகைக் கல்லை விலைக்கு வாங்கலாம். சிக்கல் என்னவென்றால் கிறிஸ்டலியன் உடம்பில் கட்டானா பட்டால் பாறையில் கத்தி தீட்டுவது போலத்தான், கசிவும் வராது. கேட்ஃபிரண்ட் இடிபாடுகளில் நிற்கும் வண்டி ஒன்றின் பெட்டியில் ஃபிளெய்ல் கிடைக்கும். சங்கிலியில் தொங்கும் முள்ளுருண்டை. நொறுக்கும் வகை, அதுவும் டெக்ஸில் ஏறுவது. அதை +3 வரை ஏற்றிப் பையில் வைத்திருங்கள். குதித்துக் குதித்து ஆர்2 அடித்தால் கிறிஸ்டலியன் நிலைகுலைந்து உடம்பு விரிசல் விடும், பிறகு கட்டானாவும் வேலை செய்யும்.

கேட்ஃபிரண்டுக்குப் போனவர்கள் அதே இடத்தின் நிலவறையில் இருக்கும் வெட்ஸ்டோன் நைஃபை விட்டுவிட்டு வரக்கூடாது. அது இல்லாமல் ஆயுதத்தின் திறனையும் தன்மையையும் மாற்றும் ஆஷ் ஆஃப் வார் எதையும் மாட்ட முடியாது. அடுத்து ஸ்டார்ம்வெய்ல் கோட்டையில், குட்டிச்சாத்தான் சிலை மூடிய ஒரு அறையை ஸ்டோன்ஸ்வார்ட் கீ என்ற சாவியால் திறந்தால் அயர்ன் வெட்பிளேடு கிடைக்கும். ஹெவி, கீன், குவாலிட்டி என்ற மூன்று ஆயுதத் தன்மைகளும் அதோடு திறக்கும். நமக்கு வேண்டியது கீன். ஸ்ட்ரெங்த் வழி வரும் பலத்தைக் குறைத்து டெக்ஸ் வழி வருவதை ஏற்றும், கசிவைத் தொடாது, எண்ணெய் பூசவும் தடையில்லை. ஒரு எச்சரிக்கை: கீன் போட்டதும் அடிப்படை டேமேஜ் சற்று இறங்கும். டெக்ஸ் 20ஐத் தாண்டாதபோது, ஆயுதமும் +3 போன்ற தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, சாதாரண நிலையே மேலாக இருக்கலாம். மாட்டும் முன் திரையில் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே அறையில் மிசரிகார்ட் என்ற குத்துவாளும் இருக்கிறது. எதிரி நிலைகுலைந்து மண்டியிடும்போது அதைக் கைக்கு மாற்றி ஆர்1 அழுத்தினால் கட்டானாவால் குத்துவதைவிட நன்றாக இறங்கும். நிலைகுலைய வைக்க உச்சிகட்டானாவோடு வரும் அன்ஷீத் திறனே போதும்: எல்2 பிடித்து உறைக்குள் போடும் நிலைக்குப் போய், ஆர்2. கட்டானாவின் வெறும் ஆர்1 நிலைகுலைவில் சொற்பமாகத்தான் சேர்க்கும், அதை இந்த ஆர்2வும் குதித்து அடிப்பதும் ஈடுகட்டுகின்றன. குவிக் ஸ்டெப் என்ற விலகல் திறன் பார்க்க அழகு. ஆனால் அதை மாட்டினால் அன்ஷீத் போய்விடும், அந்த இழப்பு பெரிது என்பது எங்கள் கணக்கு.

எடைக்கு வருவோம். சுமை வரம்பில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் கனத்துவிடும். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உருளும் தூரம் கூடும், ஆனால் அதற்காகக் கவசமில்லாமல் திரிவது நஷ்டம். எண்ட்யூரன்ஸ் 13ல் வரம்பு சுமார் 53. அதில் 70 சதவீதம் 37. இரண்டு உச்சிகட்டானா 5.5 வீதம் 11 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 26க்குள் கவசம், தாயத்து, வில் எல்லாம் அடங்க வேண்டும். மாட்டியிருக்கும் எல்லா ஆயுதமும் எடையில் சேரும். பயன்படுத்தாத கேடயத்தையும் ஃபிளெய்லையும் கழற்றிப் பையில் போடுங்கள், பையில் இருப்பதற்கு எடை கிடையாது.

தாயத்துகளில் முதலாவது, சம்மன்வாட்டர் கிராமத்தில் சிலை மூடிய நிலவறையில் உள்ள கிரீன் டர்ட்டில். ஸ்டாமினா சீக்கிரம் நிரம்பும். அடுத்தது லியூர்னியாவின் ஸ்டில்வாட்டர் கேவில் கிடைக்கும் விங்டு ஸ்வார்ட் இன்சிக்னியா. தொடர்ந்து அடிக்க அடிக்க டேமேஜ் ஏறும், நமக்கென்றே செய்தது. மில்லிசென்ட் என்ற பாத்திரத்தின் கதையை முடித்தால் இதைவிட உசத்தியான ஒன்றோ, டெக்ஸ் +5 தரும் அவருடைய செயற்கைக் கையோ கிடைக்கும். ஒரு ஆட்டத்தில் இரண்டில் ஒன்றுதான். லெண்டெல் கேட்டகோம்ஸில் உள்ள லார்ட் ஆஃப் பிளட்ஸ் எக்ஸல்டேஷன், பக்கத்தில் யாருக்காவது ரத்தக்கசிவு வெடித்தால் 20 நொடிக்கு டேமேஜை 20 சதவீதம் ஏற்றும்.

இனி விரல். உருள்வது வட்டம் பட்டனை அழுத்தும்போது நடப்பதில்லை, விடும்போதுதான் நடக்கும். பிடித்தே இருந்தால் ஓட்டம் என்று ஆட்டம் எடுத்துக்கொள்ளும். பயத்தில் அழுத்திப் பிடித்துவிட்டு, உருளவே இல்லையே என்று கன்ட்ரோலரைத் திட்டுபவர்கள் உண்டு. தட்டி உடனே விடுங்கள். ஒருமுறைதான் தட்டுங்கள். அசைவின் நடுவே இன்னொரு தட்டு விழுந்தால் அதையும் வரிசையில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை உருட்டிவிடும், அதன் முடிவில் எதிரியின் ஆயுதம் காத்திருக்கும்.

ஸ்டார்ம்வெய்ல் வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பாஸ் இதற்கு நல்ல வாத்தியார். தடியை ஓங்குவார், ஓங்கியபடியே நிற்பார். ஓங்கியதைப் பார்த்து உருள்கிறவர்கள் உருண்டு எழும் நேரத்துக்குச் சரியாகத் தடி இறங்கும். தோளைப் பார்க்காதீர்கள், தடி கீழே வரத் தொடங்கும் கணத்தைப் பாருங்கள். பின்னால் உருளவும் வேண்டாம். அவர் எட்டம் நீளம், பின்னால் போனால் அடுத்த வீச்சும் எட்டும். அவர் இடுப்பை நோக்கி உருண்டால் முதுகுப்பக்கம் வந்து நிற்பீர்கள், குதித்து ஒரு எல்1 போட நேரம் இருக்கும். உயிர் ஏற்றும் குப்பியைக் கிட்ட நின்று குடித்தால் ஒளிக்கத்தியை வீசுவார். அவர் ஒரு தொடரை முடித்த பிறகு குடியுங்கள். ஸ்டாமினாவைக் காட்டும் பச்சைக் கோட்டில் ஒரு உருளலுக்கான அளவு எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும், அதைத் தொட்டுவிட்டால் எதிரி திறந்து கிடந்தாலும் அடிக்காதீர்கள்.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதிக்குப் போக ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் வீழ்த்தியிருக்க வேண்டும். அங்கே லெவலைவிட, அந்தப் பகுதியில் பலத்தைக் கூட்டும் ஸ்கேடுட்ரீ துண்டுகள்தான் பேசும். துண்டு சேர்க்காமல் டெக்ஸ் 80ஓடு போனாலும் முதல் பாஸே புரட்டி எடுத்துவிடுவார். புது ஆயுதங்களில் பேக்ஹேண்ட் பிளேடு டெக்ஸ் ஆட்களுக்குப் பிடித்துப்போகும், இரண்டு கையிலும் மாட்டினால் அடி மழையாக விழும். எட்டம் குறைவு என்பதால் எதிரியின் காலடியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

எண்களைத் தப்பாகப் போட்டுவிட்டால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ராயா லுகாரியாவில் ரென்னாலா என்ற பாஸைத் தோற்கடித்த பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றை அவரிடம் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி பிரித்துப் போடலாம். ஆனால் சாமுராயின் தொடக்க எண்களுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது, மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் அந்த எண்களிலிருந்து போட்டவைதான்.