கிணற்று நீர்மட்டத்தை நாமே அளந்து எழுதி வைப்பது எப்படி

எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரைப் படிக்கணக்கில்தான் சொல்வார்கள். "ராத்திரி மழைக்கு நாலு படி ஏறியிருக்கு" என்பார்கள், "சித்திரையில கடைசிப் படியும் தெரிஞ்சுபோச்சு" என்பார்கள். அளக்கும் பழக்கம் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது, எழுதி வைக்கும் பழக்கம்தான் இல்லை. எழுதி வைக்காததால் பத்து வருடத்துக்கு முன் இதே மாசியில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். அதை நம்பித்தான் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கடன் வாங்கி போர் போடுகிறோம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், நாடு முழுக்கக் குறிப்பிட்ட கிணறுகளை அளக்கிறது. அந்த விவரங்களை இந்தியா-டபிள்யூரிஸ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் அவர்கள் அளக்கும் கிணறு உங்கள் நிலத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், பாறை நிலத்தில் பத்து கிலோமீட்டர் என்பது வேறு ஊர் வேறு உலகம். உங்கள் கிணற்றை நீங்கள்தான் அளக்க வேண்டும். வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், அவ்வளவுதான் வேலை.

முதல் வேலை குறி வைப்பது. கிணற்றுக் கட்டைச்சுவரின் மேல்விளிம்பில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, உளியால் சின்னதாகக் கொத்தி சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். இனி எப்போது அளந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான். கட்டைச்சுவர் எல்லாப் பக்கமும் ஒரே உயரமாக இருக்காது, எங்கள் கிணற்றில் கிழக்குப் பக்கத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும் 11 செ.மீ. வித்தியாசம். அது தெரியாமல் நான் முதல் நான்கு மாதம் நின்ற இடத்திலிருந்தெல்லாம் அளந்து எழுதிய குறிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாமல் போனது, இன்னும் அந்த நான்கு மாதத்துக்கு வருத்தப்படுகிறேன். குறி வைத்ததும் அந்தப் புள்ளி தரைமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அளந்த ஆழத்திலிருந்து இந்த உயரத்தைக் கழித்தால்தான் தரைக்குக் கீழே எவ்வளவு என்பது கிடைக்கும், மற்ற கிணறுகளோடு ஒப்பிட அந்த எண்தான் வேண்டும்.

அளக்க 30 மீட்டர் டேப் ஒன்று போதும். இரும்பு டேப் நல்லது, துணி டேப்பும் ஃபைபர் டேப்பும் எடையில் கொஞ்சம் இழுபடும். திறந்த கிணறு என்றால் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு, கவிழ்த்த வாக்கில் டேப்பின் நுனியில் தொங்கவிடுங்கள். டம்ளரின் வாய் தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும், இருட்டுக் கிணற்றிலும் அது தெளிவாகக் கேட்கும். இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்து, சத்தம் வரும் சரியான இடத்தில் டேப்பைக் குறியோடு சேர்த்துப் பிடித்துப் படியுங்கள். டேப்பின் பூஜ்யத்துக்குக் கீழே டம்ளர் வாய் எவ்வளவு தொங்குகிறதோ (என்னுடையதில் 12 செ.மீ.) அதைக் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

போர் என்றால் டம்ளர் நுழையாது. அதற்குச் சாக்பீஸ் முறை. டேப்பின் முதல் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து, நுனியில் சின்ன எடை கட்டி, தண்ணீருக்குள் கொஞ்சம் போகும்படி இறக்கி, மேலே டேப்பின் முழு மீட்டர் எண் ஒன்று, போர்க் குழாயின் வாயில் வைத்த குறிக்கு நேரே நிற்கும்படி பிடித்துவிட்டு எடுங்கள். நனைந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். மேலே 9.00 மீட்டரில் பிடித்தோம், கீழே 0.34 வரை நனைந்திருக்கிறது என்றால் ஆழம் 8.66 மீட்டர். குறி தரைக்கு மேல் 0.92 உயரத்தில் இருந்தால், தரைக்குக் கீழே 7.74. சப்மெர்சிபிள் மோட்டார் உள்ளே தொங்கும் போரில் வயரும் குழாயும் கயிறும் டேப்பைச் சிக்கவைக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது. மோட்டார் கழற்றி மாட்டும் அடுத்த முறை, போரின் உள்ளே முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றைச் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள், அடிமுனையை மூடாமல். அந்தக் குழாய்க்குள் டேப் சிக்காமல் போய் வரும்.

யாரும் கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் வேண்டாம். பாழடைந்த கிணறுகளில் பிராணவாயு இல்லாமல் மூச்சடைத்து, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறந்த செய்திகள் நம் ஊரில் வருடம் தவறாமல் வருகின்றன. அளக்கும்போது கூட ஒருவர் இருக்கட்டும்.

எப்போது அளப்பது என்பதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அல்லது நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அளந்தால் கிடைப்பது நிலத்தடி நீர்மட்டம் இல்லை, உங்கள் மோட்டார் பறித்த பள்ளம். இரவு முழுக்க ஊறி, விடியற்காலை மும்முனை மின்சாரம் வருவதற்கு முன் அளப்பது நல்லது. பக்கத்து நிலத்து மோட்டாரும் உங்கள் மட்டத்தை இழுக்கும், அதனால் அவர் எப்போது ஓட்டினார் என்றும் கேட்டு எழுதுங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள்: இரண்டும் 2 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருந்து அளக்க வேண்டும்.

கூடவே மழையையும் அளக்க வேண்டும், மழை இல்லாமல் நீர்மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாதிக் கதைதான் தெரியும். நேர்ச்சுவருள்ள டப்பாவும் 20 செ.மீ. விட்டமுள்ள புனலும் போதும். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு 314 சதுர செ.மீ., ஆகவே டப்பாவில் சேர்ந்த தண்ணீர் ஒவ்வொரு 31.4 மில்லிக்கும் 1 மி.மீ. மழை. மரத்தடியிலோ சுவரோரமோ வைக்காதீர்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடுகிறது, நாமும் அப்படியே வைத்துக்கொண்டால் அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம்.

ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். மதகுக் கல்லில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அதே நாளில் பார்த்து எழுதுங்கள். ஏரி நிறைந்து எத்தனை நாள் கழித்து கிணறு ஏறுகிறது, ஏரி வற்றி எத்தனை நாள் கழித்து இறங்குகிறது என்ற இடைவெளியைப் போல உங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லும் தகவல் வேறு இல்லை. எங்கள் கிணற்றுக்கு அது சுமார் இரண்டு வாரம்.

இனி எண்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை, பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைகள். கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அடுக்கடுக்காகச் சொல்வார்கள்: மேல்மண், அதற்குக் கீழே முரம்பு, அப்புறம் கடப்பாறைக்கு உதிர்கிற மக்கிய பாறை, கடைசியில் வேட்டு வைத்தாலும் அசையாத கரும்பாறை. நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அந்த மக்கிய பாறையிலும், கரும்பாறையின் வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. பூமிக்கடியில் ஏரியோ ஆறோ ஓடவில்லை.

மக்கிய பாறையில் நாம் இறைத்து எடுக்கக்கூடிய தண்ணீர் அதன் கன அளவில் சுமார் 2 சதவீதம்தான், ஆற்று மணலில் 16 சதவீதம் அளவுக்கு இருக்கும். இதை ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அந்த ஒரு ஏக்கர் முழுக்க நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், பாறை நிலத்தில் கிடைத்த தண்ணீர் ஏறக்குறைய 81,000 லிட்டர். நொடிக்கு 4 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு அது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலான வேலை, அவ்வளவுதான். பாலாற்றுப் படுகையின் மணலில் அதே 1 மீட்டருக்கு எட்டு மடங்கு கிடைக்கும். பாறை நிலத்துக் கிணறு ஒரு மழைக்குச் சட்டென்று ஏறி, பத்து நாளில் சட்டென்று இறங்குவதற்குக் காரணம் இதுதான். ஏறியதைப் பார்த்து நிறையத் தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பி நெல் நட்டுவிட்டு, தை மாதம் தவிப்பவர்கள் எத்தனையோ பேர்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். பாறை நிலத்தில் பெய்யும் மழையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகிறது. 100 மி.மீ. மழை பெய்தால் 10 மி.மீ. இறங்கும், அதற்கு நீர்மட்டம் அரை மீட்டர் ஏற வேண்டும். உங்கள் கிணறு அதே மழைக்கு 3 மீட்டர் ஏறினால் மீதித் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது: வயலில் ஓடிய தண்ணீர் கட்டைச்சுவர் உடைப்பு வழியாக உள்ளே விழுந்திருக்கலாம், அல்லது ஏரியும் ஓடையும் ஊட்டுகின்றன. ஏரிதான் காரணம் என்று தெரிந்தால், அந்த ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது உங்கள் கிணற்றுக்குச் செய்யும் வேலை என்பதை ஊர்க்கூட்டத்தில் நோட்டோடு எழுந்து சொல்லலாம். நான் அப்படிச் சொன்னபோது, வெறும் வாயால் சொன்ன வருடங்களைவிட அதிகம் பேர் கேட்டார்கள்.

திறந்த கிணறு எவ்வளவு ஊறுகிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு மணி நேரம் இறைத்து நிறுத்திவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருங்கள். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றின் பரப்பு 28.3 சதுர மீட்டர், அதில் 10 செ.மீ. ஏறினால் 2,830 லிட்டர் ஊறியிருக்கிறது. முதலில் வேகமாக ஏறும், மட்டம் மேலே வர வர ஊற்று தளரும். இந்தச் சோதனையை மார்கழியில் ஒரு முறை, வைகாசியில் ஒரு முறை செய்து பாருங்கள், கோடைக்கு எத்தனை சென்ட் பயிர் வைக்கலாம் என்பதைக் கிணறே சொல்லிவிடும்.

போர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "300 அடியில் தண்ணீர்" என்று போர்க்காரர் சொன்னால், அது வெடிப்பு கிடைத்த ஆழம். அங்கிருக்கும் அழுத்தத்தால் தண்ணீர் போருக்குள் மேலே ஏறி 50 அடியில்கூட நிற்கலாம், நீங்கள் வாராவாரம் அளப்பது அந்த 50 அடியை. பக்கத்துத் திறந்த கிணற்றின் மட்டமும் போரின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

தண்ணீரின் தரத்துக்கு, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கினால் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். போர்த் தண்ணீர் என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாத்திரத்தை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிப் பிடியுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. கடலோரத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும், மேலே குறைந்தால் கீழே உப்பு ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது அப்படித்தான்.

ஆனால் டிடிஎஸ் பேனா ஃபுளோரைடைக் காட்டாது. பேனாவில் 400 என்று நல்ல எண் வந்து, ஃபுளோரைடு மட்டும் அனுமதித்த அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடுதான் பல்லையும் எலும்பையும் பாதித்தது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். குடிக்கிற கிணறு என்றால் வருடம் ஒரு முறையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிடுங்கள். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால், அதில் பயிற்சி பெற்ற பெண்களிடமும் கேட்கலாம்.

நோட்டைப் பற்றிக் கடைசியாக. தேதி, நேரம், டேப்பில் படித்தது, கழித்து வந்தது, மோட்டார் கடைசியாக ஓடியது எப்போது, மழை, ஏரி மட்டம் என்று வரிசையாக எழுதுங்கள். டேப்பில் படித்ததையும் கட்டாயம் எழுதுங்கள், கழித்ததில் தவறு செய்திருந்தால் பின்னால் திருத்த அதுதான் வழி. மாதம் ஒரு முறை பக்கத்தை போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வரைபடம் போடும்போது ஆழத்தைக் கீழ்நோக்கிப் போடுங்கள், எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது என்பது பார்த்ததும் புரியும். கிணறு வற்றிவிட்டால் அந்த வாரத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். டம்ளர் சேற்றில் தட்டிய ஆழத்தை எழுதி, பக்கத்தில் 'வறண்டது' என்று எழுதுங்கள், அடுத்த வாரமும் போய் அளந்து அதையே எழுதுங்கள்.