காலி என்று நினைத்த துப்பாக்கி: ஏர்சாஃப்ட் கருவிகளை வீட்டில் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கிகளோடு அணிகள் மோதும் விளையாட்டு ஏர்சாஃப்ட். அந்த ஆட்டம் முடிந்து களைத்துப்போய் வீடு திரும்புகிறோம். துப்பாக்கியைப் பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறோம். ‘பொம்மைதானே’ என்ற நினைப்பு. நான் பார்த்த தவறுகள் அத்தனைக்கும் தாய் இந்த நினைப்புதான்.

முதல் தவறு, குண்டுகள் அடைத்த மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புவது. மேகஸின் வெளியே வந்த பிறகும் ஒரு குண்டு உள்ளே, குண்டுக்குச் சுழற்சி தரும் ஹாப்-அப் ரப்பரின் பிடியில் நின்றுகொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, குலுக்கினாலும் விழாது. ஒருமுறை நண்பர் ஒருவர் மேகஸினை உருவிவிட்டுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, “காலிதான்” என்றார். ஓர் அட்டைப்பெட்டியில் பழந்துணியை அடைத்து, குழலை அதற்குள் நீட்டி விசையை அழுத்தினேன். ‘டப்’பென்று ஒரு வெள்ளைக் குண்டு துணிக்குள் புதைந்தது. மறுபடி அழுத்தியபோதுதான் வெறும் காற்று வந்தது. அந்த நேரத்தில் நண்பரின் மகள் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

0.20 கிராம் எடையுள்ள 6 மில்லிமீட்டர் குண்டு 1 ஜூல் ஆற்றலோடு கிளம்பினால் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டர். தோலில் பட்டால் சிவந்து தடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். ஆகவே களத்தைவிட்டுக் கிளம்பும் முன், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே மேகஸினை எடுத்துவிட்டு, ஆபத்தில்லாத திசையில் ஒற்றையாகச் சுடும் நிலையில் வைத்து இரண்டு மூன்று முறை சுடுங்கள். குண்டும் வெளியேறிவிடும், ஸ்பிரிங்கும் இறுக்கம் தளர்ந்து ஓய்வு பெறும். பிறகு பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, குழலின் முனைக்கு உறை மாட்டுங்கள். ஹாப்-அப்பையும் முழுவதுமாகத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தி உருக்குலைந்துவிடும். வீட்டில் பெட்டிக்குள் வைக்கும் முன் இதே சோதனையை இன்னொரு முறை செய்வதில் நான் சலித்ததே இல்லை.

அடுத்தது பேட்டரி. வீட்டுக்குள் உள்ளவற்றில் நான் அதிகம் அஞ்சுவது துப்பாக்கியை அல்ல, மின்சாரத்தில் இயங்கும் துப்பாக்கிக்குள் இருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரியைத்தான். பலர் அதைத் துப்பாக்கியிலேயே செருகி விட்டுவிடுகிறார்கள். மின்னணுப் பலகை பொருத்திய துப்பாக்கி, விசையைத் தொடாதபோதும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்குள் உள்ள செல் ஒன்றின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே சேதம் தொடங்கும். அப்படிச் சேதமான பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யும்போதுதான் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று 4.2 வோல்ட் வரை முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். செல்லுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் வைப்பதே சரி. நல்ல சார்ஜர்களில் சேமிப்புக்கென்றே ஒரு அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சில மாதங்கள் திறக்காத அலமாரியிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தபோது, தட்டையாக இருக்க வேண்டியது குட்டித் தலையணைபோல் உப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலுறை விறைத்து, ஒட்டியிருந்த காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. அப்படி உப்பிய பேட்டரியை அழுத்தவோ, துளைக்கவோ, ‘கடைசியாக ஒருமுறை’ என்று சார்ஜ் செய்யவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். சார்ஜ் செய்வது எப்போதும் விழித்திருக்கும் நேரத்தில், கண்ணெதிரே, தரை ஓட்டின் மேலோ கல்லின் மேலோ நடக்கட்டும். மெத்தை மேல் வேண்டவே வேண்டாம். தீ தாங்கும் பை நல்லதுதான், ஆனால் அது தீயைத் தாமதப்படுத்தும், முழுக்க அடக்கிவிடாது.

எரிவாயுவில் இயங்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பச்சை வாயு’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன். எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தங்கும். அந்த டப்பாக்களை அடுப்புக்கு அருகிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவை வெடிக்கக்கூடும். வாயு மேகஸினில் மட்டும் சிறிதளவு வாயுவை மிச்சம் வைப்பது ரப்பர் வளையங்களுக்கு நல்லது. கார்பன் டை ஆக்சைடு குப்பி அப்படியல்ல. அதை உள்ளேயே விட்டுவைத்தால் வளையங்கள் கெட்டுவிடும். முழுவதுமாகக் காலியாக்கி, அதன் பிறகே கழற்றுங்கள்.

‘பொம்மைதானே’ என்ற நினைப்பின் கொடிய முகம் வெளியே இருப்பவர் கண்ணில்தான் தெரிகிறது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியோடு நின்ற 12 வயதுச் சிறுவனை, வந்து இறங்கிய விநாடிகளிலேயே போலீஸ் சுட்டது. அவன் இறந்துபோனான். நிஜத் துப்பாக்கி அல்ல என்று காட்ட அந்தத் துப்பாக்கியில் இருக்க வேண்டிய ஆரஞ்சு முனை இல்லை. ஆகவே அந்த முனையைக் கழற்றாதீர்கள், வண்ணம் பூசி மறைக்காதீர்கள். ஜன்னலோரச் சுவரில் அழகுக்காக மாட்டாதீர்கள். காரின் பின்னிருக்கையில் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். அலமாரி உச்சியில் ஒளித்து வைப்பதைப் பூட்டி வைத்ததாக எண்ணிவிடாதீர்கள். நாற்காலி போட்டு ஏறாத பிள்ளை எங்கே இருக்கிறது? கடினமான பெட்டி, அதற்கொரு பூட்டு, சாவி வேறிடத்தில், பேட்டரியும் மேகஸினும் இன்னொரு பெட்டியில் என்று பிரித்து வைத்தால் ஒரு கை எட்டினாலும் முழுத் துப்பாக்கி கிடைக்காது.

சட்டத்தில் நேரும் தவறு பெரும்பாலும் வாங்கும்போது நடப்பதில்லை, பிறகுதான் நடக்கிறது. வலுவான ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டதும் அதே துப்பாக்கி வேறு வகைக்குள் போய்விடலாம். பிரிட்டனில் தொடர்ச்சியாகச் சுடும் ஏர்சாஃப்டுக்கு 1.3 ஜூல், ஒற்றையாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் என்று வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் சட்டம் அதை ஏர்சாஃப்டாகவே பார்ப்பதில்லை. ஜப்பானில் 2006-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஏறக்குறைய 0.98 ஜூலுக்கு மேற்பட்ட 6 மில்லிமீட்டர் துப்பாக்கிகளை வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது. பரணில் உறங்கினாலும் கணக்கு அதுதான். ஆகவே ரசீதையும் குண்டின் வேகத்தை அளந்த குறிப்பையும் பெட்டியிலேயே வையுங்கள். வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதாக இருந்தால், மூட்டை கட்டும் முன் அந்நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். இரவல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மக்கும் வகைக் குண்டுகள் ஈரத்தை இழுத்துப் பருத்துவிடும். பிரித்த பையைக் காற்றுப் புகாமல் மூடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியை மேகஸின்களோடு ஒரே பையில் போட்டால் கீறல் விழும். தனி உறை வேண்டும். பலமாக அடிபட்ட கண்ணாடியை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். ‘உதிரியாக இருக்கட்டும்’ என்று பழையதைப் பெட்டியில் வைக்காதீர்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கண்ணாடி இல்லாமல் வரும் நண்பர் அதைத்தான் எடுத்து மாட்டிக்கொள்வார்.