பாசியைப் பார்த்ததும் தொட்டியைக் கவிழ்க்காதீர்கள்

பக்கத்து வீட்டுப் பெண் மொட்டை மாடிக் குழாயடியில் மீன் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீன்கள் பக்கெட்டில். “ஒரே பச்சையாப் புடிச்சிருச்சுண்ணா, அதான் மொத்தமாக் கழுவிடலாம்னு...” நான் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலே நாளில் அவளுடைய 5 மோலி மீன்களில் 2 செத்துப்போயின. பாசி வந்தால் தீனியைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

மொத்தமாகக் கழுவுவது

நானும் இதைத்தான் செய்தேன். 2 அடித் தொட்டி, சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த 8 நியான் டெட்ரா மீன்கள். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் கழுவச் சொன்னார் ஒரு கடைக்காரர். கழுவிய அன்று தொட்டி பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. வாரக் கடைசியில் ஒன்றுதான் மிச்சம். பாசியோ ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. இன்றும் யாராவது அந்த யோசனையைச் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அத்தனையும் போச்சு. பாசியை வளர்க்கும் வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும்.

கண்ணாடியை மட்டும் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும். ஊற்றுவது கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கும் மருந்து) சேர்த்த பிறகே ஊற்றுங்கள்.

சக்கர் மீன்

பாசியைத் தின்னும் என்று இரண்டு விரல் நீளத்தில் தருவார்கள். 1 அடிக்கு மேல் வளரும், கழிவும் அதற்கேற்ற அளவு. இடம் போதவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாக நிற்கிறது.

விளக்கு

ஒரு நாளைக்கு 8 மணி நேரம். டைமர் போட்டுவிடுங்கள்.

ஜன்னலோரம்

தொட்டியை அங்கே வைக்க வேண்டாம்.

பழுப்புப் படலம்

புதுத் தொட்டியில் வருவது பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்துவிட்டுக் காத்திருங்கள், தானே அடங்கும்.

பாசி மருந்து

தாமிரம் கலந்ததாக இருந்தால் இறாலும் நத்தையும் சாகும்.

அந்தப் பெண்ணின் ஃபில்டரில் இப்போது என் பழைய ஸ்பாஞ்சிலிருந்து வெட்டிக் கொடுத்த பாதித் துண்டு இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவுக்காகத்தான் கொடுத்தேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறாள். மிச்ச 3 மோலியும் அடியில் இறங்கி மேய ஆரம்பித்துவிட்டன.