ஓகஸ்டில் சிசிலிக் கடற்கரைக்குப் பிள்ளைகளோடும் மாமியோடும் போகிறவர்களுக்கு

“நாங்கள் யாழ்ப்பாணத்து வெய்யிலிலை வளர்ந்த ஆக்கள் பிள்ளை. இது எனக்கு என்ன செய்யப் போகுது?” மாமி இதைச் சொன்னது காலை பத்து மணிக்கு. பகல் இரண்டரைக்கு, செஃபலு கடற்கரையில் வாடகைக் குடைக்குக் கீழே, “தலை இடிக்குது, வயித்தைப் பிரட்டுது” என்றார். கையைப் பிடித்தேன். ஈரமாய், சில்லென்று இருந்தது. முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் நான் காலையில் வைத்த அரை லீற்றர் போத்தல். அதில் இரண்டு மிடறுகூடக் குறையவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று பிறகுதான் கேட்டேன். கழிப்பறைக்குச் சுடுமணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் யாரையாவது துணைக்குக் கூப்பிட வேண்டும், அதனால் குடிக்காமலே இருந்துவிட்டாராம். வயதான பெண்களோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். குடை எடுக்கும்போது கடலுக்குக் கிட்டிய முதல் வரிசையை நாங்கள் பெருமையாக எடுத்திருந்தோம். இப்போது கழிப்பறைக்கும் குளிக்கும் குழாய்க்கும் கிட்டிய கடைசி வரிசையைத்தான் கேட்டு வாங்குகிறோம். அங்கேதான் நிழலும் கூட.

அன்று செய்தது இதுதான். நானும் இவருமாக மாமியைக் கைத்தாங்கலாகக் குளிர்பானக் கடையின் கூரைக்குக் கீழே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். காலைக் கதிரையில் உயர்த்தி வைத்தோம். சட்டையைத் தளர்த்தி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துவாயைக் கழுத்திலும் கையிலும் காலிலும் போட்டு, மகன் தன் படப் புத்தகத்தால் விசிறினான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்தோம். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும், ஈரத் துணியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். இருபது நிமிடத்தில் “ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கணக்கு அரை மணித்தியாலம். தலையிடி, வாந்திக் குணம், தலைச்சுற்று, கால் பிடிப்பு, குளிர்ந்த வியர்வை எல்லாம் வெப்பக் களைப்பு. நிழலில் கிடத்திக் குளிரவைத்து, தண்ணீர் கொடுத்தால் முப்பது நிமிடத்துக்குள் ஆள் தேறவேண்டும். தேறாவிட்டால், அல்லது பேச்சுத் தடுமாறினால், கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. உடனே 112 அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். உதவி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது. முழு நினைவு இல்லாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். காய்ச்சல் என்று நினைத்து பரசிற்றமோல் கொடுப்பதிலும் பயனில்லை. இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை.

மாமியின் நம்பிக்கைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் எல்லாரிடமும் இருக்கிற நம்பிக்கை அது. உடம்பு வெக்கைக்குப் பழகும் என்பது உண்மை. இரத்தத்தில் நீர் கூடும், வியர்வை நேரத்தோடு வரத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்புக் குறையும். ஆனால் பழக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும், வெக்கையை விட்டு விலகினால் சில கிழமைகளில் அந்தப் பழக்கமும் போய்விடும். சுவிஸில், பேர்ணில் முப்பது வருடம் இருந்த உடம்புக்கு யாழ்ப்பாணம் ஞாபகத்தில் இருக்கலாம், தோலில் இல்லை. என் பிள்ளைகளோ அங்கேயே பிறந்தவர்கள். அதனால் முதல் மூன்று நாளும் ஒன்றும் செய்யாத நாட்கள் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம். வந்து இறங்கிய மறுநாளே நாள் முழுக்கக் கடற்கரை என்று நாங்கள் போனதுதான் பிழை.

சிசிலியின் வெயிலைக் குறைவாக நினைக்காதீர்கள். 2021 ஓகஸ்ட் 11 அன்று இந்தத் தீவின் தென்கிழக்கில், சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை பதிவானது. ஐரோப்பியக் கண்டத்தின் மிகக் கூடிய வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் அப்படியொரு எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை.

நாளைப் பிரிக்கும் விதத்தில்தான் முக்கால்வாசிக் காரியம் இருக்கிறது. சிசிலியில் கோடைகால நேரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.10க்கு. காற்றின் சூடு அதற்கும் பிறகு, மூன்று நாலு மணிக்குத்தான் உச்சம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு “இனி வெயில் இறங்கும்” என்று இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் நாளின் மிக மோசமான இரண்டு மணித்தியாலத்தைத் தேடிப் போகிறார்கள். கடிகாரம் பார்க்காத சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது நிழல் கணக்கு: உன் நிழல் உன்னைவிடக் கட்டையாய் இருந்தால் வீட்டுக்குள்ளே வா. மகள் ஆறு வயதில் இதைப் பிடித்துக்கொண்டாள், இப்போது எங்களைத் திருத்துகிறாள்.

எங்கள் நாள் இப்படிப் போகும். ஆறரைக்கு எழுந்து ஏழுக்குக் கடலில். அந்த நேரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மணல் காலைச் சுடாது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும். பத்தரைக்கு எல்லாரும் வீடு. குளிப்பு, சாப்பாடு, நித்திரை. ஊர்க்காரரும் அப்படித்தான். ஒரு மணிக்குக் கடைகளைப் பூட்டினால் நாலு மணிக்குப் பிறகுதான் பல கடைகள் திறக்கும். அதைச் சோம்பல் என்று நினைக்கும் ஐரோப்பிய வடக்கர்கள் அந்த நேரத்தில் வெறும் தெருவில் நடந்து திரிவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்கு மறுபடி கடலுக்குப் போய் இருட்டும்வரை இருப்போம்.

வீடு எடுக்கும்போது படத்தில் கடல் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட நாலு கேள்வி கேளுங்கள். ஏசி எந்தெந்த அறையில்? மேல் மாடியா? யன்னலுக்கு வெளிப்பக்க மரக்கதவு இருக்கிறதா? படுக்கையறை எந்தத் திசை? நாங்கள் முதல்முறை எடுத்த வீட்டில் “ஏசி உண்டு” என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு அறையில், அதுவும் தட்டையான கூரைக்குக் கீழே, பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு முழுக்க இறக்குகிற மேல் மாடியில். ஆறு பேரும் அந்த ஒரு அறையில் பாய் விரித்துப் படுத்தோம்.

வெளிப்பக்க மரக்கதவைப் பெர்சியானே என்கிறார்கள். வெயில் கண்ணாடியைத் தொடுமுன் தடுப்பதால் உள்ளே தொங்கும் திரையைவிட எவ்வளவோ மேல். எங்கள் பழக்கம் யன்னலைத் திறந்து காற்று விடுவது. இங்கே அது பகலில் பிழை. வெளியில் சூடு, உள்ளே குளிர்ச்சி என்றால் எல்லாவற்றையும் அடைத்து இருட்டாக வைக்கவேண்டும். இரவு வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகு எதிர் எதிர் யன்னலைத் திறந்துவிட வேண்டும். மின்விசிறி நல்லதுதான், ஆனால் அறைச் சூடு 40 பாகைக்கு மேலே போனால் அது சூட்டை உடம்பில் அள்ளிப் பூசும், அப்போது நிறுத்திவிடுங்கள்.

பழைய பலெர்மோச் சீமான்கள் தங்கள் மாளிகைகளில் பாறையைக் குடைந்து, நிலத்தடி நீரோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கட்டி வைத்திருந்தார்கள். சிரொக்கோ அறை என்று அதற்குப் பெயர். சகாராவிலிருந்து சிரொக்கோக் காற்று அடிக்கும் நாட்களில் அங்கே இறங்கி இருந்துவிடுவார்களாம். அந்தக் காற்றைப் பற்றி நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வானம் மங்கி மஞ்சளாகும், கார்க் கண்ணாடியில் செம்மண் தூசு படியும். பலெர்மோவும் செஃபலுவும் இருக்கும் வடகரைக்கு அது மலைகளைத் தாண்டி இறங்குவதால் இன்னும் காய்ந்து, இன்னும் சூடாகி வந்து சேரும். அடுப்பு வாயைத் திறந்தது போல இருக்கும்.

பெற்றோருக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. வடகரையில் தெற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரக் கடல் அலையில்லாமல் குளம் மாதிரித் தெரியும். “இன்றைக்கு நல்ல கடல்” என்று பிள்ளையைக் காற்றடைத்த மிதவையில் ஏற்றிவிட்டால், காற்று அதைப் பேசாமல் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட நாளில் மிதவைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இத்தாலியில் கடல் அவசரத்துக்குக் கரையோரக் காவற்படையின் இலக்கம் 1530.

நாளைக்கு எப்படி என்று அறிய இத்தாலிய சுகாதார அமைச்சு 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடுகிறது. பலெர்மோ, கத்தானியா, மெசீனா மூன்றும் அதில் உண்டு. நிலை 3 என்றால் சிவப்பு, அன்று சுகமான ஆளுக்கும் ஆபத்து. எங்களுக்கு அன்று கடற்கரை இல்லை.

குடிக்கிற விஷயம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. சலத்தின் நிறத்தைப் பாருங்கள், வெளிர் மஞ்சள் என்றால் சரி, கடும் மஞ்சள் என்றால் போதவில்லை. என் தங்கை பலெர்மோவில் பல்லாரோச் சந்தைப் பக்கம் இருக்கிறாள். அங்கே எங்கள் ஆட்களின் கடைகளில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். காலையில் தயிரைக் கடைந்து, வெங்காயமும் மிளகாயும் அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்து, பெரிய சுடுதண்ணிப் போத்தலில் ஐஸோடு ஊற்றித் தருவாள். தண்ணீரை ஏமாற்றுகிற பிள்ளையும் மோரை விடாது. வத்தகப்பழமும் அப்படித்தான். மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் ஆசையை மட்டும் விடுங்கள், அந்தச் சூட்டில் சாப்பாட்டை ஒரு மணித்தியாலம் வைப்பதே கூடிப்போச்சு.

வாந்தி, வயிற்றோட்டம் என்றால் உப்புச் சீனித் தண்ணீர்: சுத்தமான தண்ணீர் ஒரு லீற்றருக்கு மட்டம் தட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. அளவு தப்பக் கூடாது, உப்புக் கூடினால் பிள்ளைக்குக் கேடு. இதைத் தினசரிப் பானமாக்க வேண்டாம், முக்கியமாகப் பிரஷர்காரர்.

மாமியின் குளிசைகளைப் பற்றி அன்று பின்னேரம் எங்கள் குடும்ப வைத்தியரிடம் ஃபோனில் கேட்டோம். பிரஷருக்கு எடுக்கும் இரண்டில் ஒன்று உப்பையும் நீரையும் சலத்தோடு வெளியேற்றுகிற குளிசை. வெக்கையில் வியர்வையாலும் நீர் போக, குளிசையாலும் போக, குடிக்கவும் இல்லை என்றால் ஆள் விழத்தானே செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோய், “40 பாகைக்குப் போகிறோம், எதைக் குறைப்பது” என்று வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலின் கடற்கரைப் பைக்குள்ளோ காருக்குள்ளோ இருக்கக் கூடாது. சுவிஸ் காப்புறுதி அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பியச் சுகாதாரக் காப்புறுதி அட்டை, அதையும் கையில் வைத்திருங்கள்.

தங்கையின் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, பாலை அடிக்கடி கொடுத்தால் போதும், தாய் நிறையக் குடிக்கவேண்டும். தள்ளுவண்டியைத் துணியால் மூடுவதை எத்தனையோ பேர் அன்பினால் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று உள்ளே போகாமல் வண்டிக்குள் சூடு ஏறிவிடும். மூடிய துணிக்குள் நான் கை விட்டுப் பார்த்திருக்கிறேன், மூடி வைத்த இடியப்பச் சட்டி மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடமும் விடவேண்டாம்.

கறுத்த தோலுக்குச் சன் கிறீம் வேண்டாம் என்பதும் பிழை. எங்கள் தோலும் எரியும், சிவப்பாய்த் தெரிவது குறைவு, அவ்வளவுதான். SPF என்ற வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாத கிறீமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், கடலால் ஏறியதும் பூசவேண்டும். குடைக்குக் கீழே இருந்தாலும் மணல் வெயிலைத் திருப்பி அடிக்கும். பிள்ளைகளுக்கு நீண்ட கை நீச்சல் சட்டை போட்டால் பாதிக் கரைச்சல் குறையும்.

இப்போது நாங்கள் போகும் மாதத்தையே மாற்றிவிட்டோம். பேர்ண் பிள்ளைகளுக்குச் செப்டெம்பர் கடைசியில் இலையுதிர்கால விடுமுறை வரும். அப்போது சிசிலிக் கடல் ஓகஸ்டின் சூட்டை இன்னும் வைத்திருக்கும், வெயிலில் கொடுமை இருக்காது, வீட்டு வாடகையும் குறைவு. போன முறை பலெர்மோவின் மொந்தெல்லோக் கடற்கரையில் பின்னேரம் ஐந்தரைக்கு மாமி தானாகவே எழுந்து, சோட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போய் நின்றார். மகள் அவருடைய போத்தலோடு பின்னால் போனாள். பாதி முடிந்திருந்தது.