விண்வெளி வீரர்கள் எடுத்த நம்ம ஊர் போட்டோவைத் தேடிப் பிடிக்கிறது எப்படி?

தனுஷ்கோடியை மேல இருந்து எடுத்த போட்டோ வேணும்னு ரெண்டு வாரமா தேடி, நேத்து ராத்திரிதான் கிடைச்சுது, மறக்குறதுக்குள்ள எழுதிடுறேன். சாட்டிலைட் படம் இல்லைங்க, சர்வதேச விண்வெளி நிலையத்து ஜன்னல் பக்கத்துல ஒரு மனுஷன் கேமராவைக் கையில பிடிச்சு எடுத்த படம்.

1. நாசாவோட ஜான்சன் ஸ்பேஸ் சென்டர்காரங்க நடத்துற 'கேட்வே டு ஆஸ்ட்ரோனாட் போட்டோகிராபி ஆஃப் எர்த்' தளத்துக்குப் போங்க. லேப்டாப்ல பண்ணுங்க, போன்ல வேண்டாம், பக்கத்துலயே கூகுள் எர்த்தும் திறந்திருக்கணும்.

2. உங்க ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுத் தேடுங்க. நான் மாட்டுனது இங்கதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. ராமேஸ்வரத்துக்கு 9.28, 79.3ன்னு போட்டேன், வந்தது பூரா மேகம், கடல், சோலார் பேனல், எங்கயோ இருக்குற ஒரு மலை. தளமே தப்போன்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா ஒவ்வொரு போட்டோவுக்கும் ரெண்டு இடம் உண்டு: 'நாடிர் பாயிண்ட்'னா அந்த நேரத்துல நிலையம் எந்த இடத்துக்கு நேர் மேல இருந்துச்சுங்கறது, 'சென்டர் பாயிண்ட்'னா படத்துக்கு நடுவுல இருக்கற இடம். 400 கிலோமீட்டர் உயரத்துல இருந்து பார்த்தா அடிவானம் 2,200 கிலோமீட்டருக்கு அந்தாண்டதான் இருக்கு, அதனால நிலையம் ராமேஸ்வரத்துக்கு மேல இருக்கும்போது உள்ள இருக்கற வீரர் மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்திருக்கலாம், கேரளாவுக்கு மேல இருக்கும்போது ராமேஸ்வரத்தை எடுத்திருக்கலாம்.

அப்போ சென்டர் பாயிண்ட்லயே தேடினா போதாதான்னா, போதாது. நாடிர் நேரத்தை வச்சுக் கணக்குல வந்துடும், சென்டரை படத்தைப் பார்த்துத்தான் குறிக்கணும், குறிக்காத படங்கள் எக்கச்சக்கம். முதல்ல சென்டர்ல தேடுங்க, அப்புறம் நாடிர்ல நாலு பக்கமும் 5 டிகிரி விட்டுத் தேடுங்க. 1 டிகிரின்னா சுமார் 111 கிலோமீட்டர்.

3. ஃபோகல் லென்த் பாருங்க, அதாவது லென்ஸ் எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டுதுங்கறது. 28 மில்லிமீட்டர்னா படத்துல சோயுஸ் கலம், பேனல் எல்லாம் சேர்ந்து வரும், ஊர் தெரியாது. 400, 800தான் நமக்கு வேணும். ஆனா கருவியும் பூமியும் ஒண்ணா வர்ற படத்து மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு. 1966 செப்டம்பர்ல ஜெமினி 11ங்கற அமெரிக்க விண்கலத்துல போன கான்ராடும் கோர்டனும் எடுத்த படத்துல இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து தெரியும், ஒரு பக்கம் அவங்க கலத்தோட இணைஞ்ச அஜீனாங்கற ஆளில்லாக் கலத்தோட ஆண்டனா நீட்டிக்கிட்டு இருக்கும். கட்டாயம் பாருங்க.

4. நேரம் ஜிஎம்டியில இருக்கும், 5:30 கூட்டிக்கோங்க. 'சன் எலிவேஷன்'னா அடிவானத்துக்கு மேல சூரியன் எத்தனை டிகிரியில இருக்குங்கறது, அது மைனஸ்ல இருந்தா ராத்திரிப் படம்.

5. படத்தைச் சுத்துங்க. வடக்கு மேல இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க, அங்க மேல கீழன்னு ஒண்ணும் கிடையாது. எனக்கு உதவுனது தனுஷ்கோடி முனை, தலைமன்னார் பக்கமா தென்கிழக்கே விரல் மாதிரி நீளும், அதை வச்சுத் திருப்புன உடனே பாம்பன், மண்டபம் எல்லாம் வரிசையா வந்து உக்காந்துச்சு. திருப்பறதுக்கு கிம்ப்ங்கற இலவச மென்பொருள் போதும், காசு குடுத்து எதுவும் வாங்காதீங்க.

அப்டேட்: ராத்திரிப் படத்துல நடுக்கடல்ல சிவப்பு, நீலப் புள்ளி தெரியுது, படகா?ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கதிர்வீச்சு பட்டு கேமரா சென்சார்ல பழுதான பிக்சலா இருக்கலாம். அதே கேமராவுல எடுத்த அடுத்த படத்தையும் திறந்து பாருங்க, புள்ளி அதே இடத்துல இருந்தா படகு இல்ல.

அப்டேட் 2: ஆஸ்லோ வரவே மாட்டேங்குதுன்னு நார்வேல இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. நிலையம் 51.6 டிகிரிக்கு வடக்கே போகாதுக்கா, ஆஸ்லோ கிட்டத்தட்ட 60ல இருக்கு. நாடிர்ல 50, 51ன்னு போட்டு, சாய்வா எடுத்த படங்களா பாருங்க.