முதல் ஆல்பம்: ஸ்டூடியோ கதவைத் தட்டுவதற்கு முன்

தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்களுக்கான குறிப்பு இது. ஸ்டூடியோவில் பெரும்பாலும் மணிக்கணக்குக்குத்தான் வாடகை. அங்கே போய் உட்கார்ந்து யோசித்தால் காசு கரையும். ஆகவே முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

1. பாட்டுகளைக் கழியுங்கள்

7 பாட்டோ 30 நிமிடத்துக்கு மேலோ இருந்தால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஆல்பம் என்று கணக்கில் எடுக்கும். அதற்குக் குறைந்தால் ஈ.பி. என்கிற சிறு தொகுப்பு, அதற்கும் குறைந்தால் சிங்கிள். எட்டுப் பாட்டு வேண்டுமென்றால் அதைப்போல இருமடங்கு எழுதி வைத்துக்கொண்டு கழிப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரு கிட்டாரோ கீபோர்டோ வைத்துப் போனில் பதிந்து, சில நாள் விட்டுக் கேளுங்கள். வெறும் குரலில் நிற்காத பாட்டை எத்தனை வாத்தியம் சேர்த்தாலும் நிமிர்த்த முடியாது.

மெட்டுதான் முதலில் வருகிறதா? சொல் இல்லாமல் 'தன்னனா' என்று தத்தகாரத்தில் பாடி வைத்துவிட்டு அப்புறம் சொல்லைப் பொருத்துங்கள். நீளும் சுரத்தில் நெடில் விழட்டும். குறிலை இழுத்தால் 'படம்' கேட்பவர் காதில் 'பாடம்' ஆகிவிடும்.

2. கட்டையையும் வேகத்தையும் முடிவு செய்யுங்கள்

பல்லவி சுகமாக இருக்கிறதே என்று கட்டையை, அதாவது பாடும் சுருதியை, முடிவு செய்யாதீர்கள். சரணத்தின் உச்ச வரியை நாலைந்து முறை தொடர்ந்து பாடிப் பாருங்கள். தொண்டை இறுகினால் அரைக் கட்டை இறக்குங்கள். கிட்டார்காரரிடம் பேசும்போது ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. மெட்ரோனோம் ஆப்பில் வேகத்தையும் பார்த்து, பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

3. வீட்டு டெமோ

ஆப்பிள் கருவி வைத்திருந்தால் காரேஜ்பேண்ட் என்ற பதிவு மென்பொருள் இலவசம். மற்றவர்கள் ரீப்பர் என்ற மென்பொருளைச் சோதனைக் காலத்தில் பழகிப் பார்க்கலாம். கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) வாங்கினால், அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் தந்து கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும் வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மென்பொருளின் மீட்டரில் உச்சக் குரல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடினால் எதிரொலி குறையும். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. மே மாதம் என்றால் விடியற்காலையில் பதியுங்கள்.

4. ஸ்டூடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங்

டெமோவும் வேகமும் கையில் இருந்தால் வாசிக்க வருபவர்களுக்கு விளக்கம் சொல்லியே நேரம் போகாது. கிளம்பும் முன் எல்லா ட்ராக்கையும் தனித்தனியாக உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்டரிங்கை, அதாவது பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வதை, ட்ராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்தவர் அல்லாத இன்னொரு காதிடம் கொடுப்பது என் விருப்பம். ஒலியை அளவுக்கு மீறி ஏற்றச் சொல்லாதீர்கள். கேட்பவர் அமைப்பை மாற்றாதவரை ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிக்க விடும்.

5. காகிதம்

நண்பர்களுக்குள் எதற்கு என்று பலரும் தள்ளிப்போடுவது இதைத்தான். வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டுக்கு ஒரு பக்கம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு கெடும்.

பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. 2012ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டியை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பதிவு, அதாவது மாஸ்டர், அப்படியல்ல. கையெழுத்துப் போட்டால் போனதுதான். எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். பாட்டு எழுதுகிறவராகவும் இசையமைப்பாளராகவும் ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்துவிடுங்கள்.

6. வெளியீடு

டிஸ்ட்ரோகிட் போன்ற விநியோகத் தளம் வழியாகத்தான் பாட்டு ஸ்பாட்டிஃபை போன்ற இணையக் கடைகளுக்குப் போகும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் இருந்தால் எங்கும் சிக்கல் வராது. ஆல்பத்துக்கு முன்னால் இரண்டு மூன்று சிங்கிள் விடுங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு, கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை பக்கத்தில் (Spotify for Artists) அவர்களுடைய பிளேலிஸ்ட்டுகளுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கலாம். ஒரு மாதம் முன்னதாகவே செய்தால் இன்னும் நல்லது. அதே சிங்கிளை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஆடியோ கோப்பையும் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள். புது எண் கொடுத்தால் கேட்ட கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024லிருந்து ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை.