பூசணம் பிடித்த பின்னல் சாட்டையை மீட்ட அனுபவம்

திருவையாற்றை அடுத்த எங்கள் வீட்டில், அப்பா சொல்லி வைத்து ஆட்டுத்தோல் வாரில் எட்டுப் புரியாகக் கையால் பின்னி வாங்கிய சாட்டை ஒன்று உண்டு. ஐப்பசி அடைமழையில் சுவரோரம் தொங்கியதால் அதில் வெண்பூசணம் படர்ந்தது. பதறிப்போய் வெயிலில் காயவைத்தேன். அதுவே பெருந்தவறு, ஏனெனில் தோலின் எண்ணெய்ப்பசை வற்றிப் பிடியருகே பின்னல் விறைத்துப்போனது.

பிறகு உலர்ந்த துணியால் புரிகளின் இடுக்குவரை துடைத்து, இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டேன். விளக்கெண்ணெயில் சிறிது தேன்மெழுகை உருக்கி, கைபொறுக்கும் சூட்டில், பின்னல் ஓடும் திசையிலேயே விரலால் மிகக் குறைவாகத் தேய்த்தேன். அதிகமானால் புரிகள் தளர்ந்துவிடும். மறுநாள் இரு பலகைகளுக்கிடையே மெல்ல உருட்டியதும் பின்னல் படிந்தது. நைந்திருந்த நுனிக்கயிற்றை மட்டும் மாற்றினேன். இப்போது அதை அகன்ற வளையமாகச் சுருட்டி, காற்றோட்டமுள்ள உள்ளறையில் வைத்திருக்கிறேன்.